பிரகாசி அண்ணி நடந்துபோன படங்கள்

செம்பியன்துறையில் இறந்தவர்கள் வைத்த இடத்தில் இருப்பவர்கள். கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் போய்ப் புல்லைச் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசி, மெழுகுதிரி ஏற்றி, ஒரு வருசத்துச் சேதியைச் சொல்லிவிட்டு வந்தால், அடுத்த வருசம் நாங்கள் போகிறவரைக்கும் அப்படியே படுத்திருப்பார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் வீடு தங்காத மனுசர்கள்கூட அப்படித்தான். அந்த வழக்கத்தை மீறி, முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, பாஸ்போர்ட் இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாமல், ஒரே ஒரு ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு வெளிநாடு புறப்பட்டவர் எங்கள் ஊரில் ஒருத்தர்தான். கண்ணாடிக் கடை ஞானாதிக்கம் அண்ணனின் வீட்டுக்காரி, பிரகாசி அண்ணி.

நான் ரோசலி. அந்தக் கடையை ஒட்டின தையல் கடை என்னுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான், அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் எனக்கு ஊசியில் நூல் கோணும். அதனால் நான் சொல்லப்போவதில் ஊரார் சொல்லிக் கேட்டது குறைவு, என் காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும்தான் அதிகம்.

ஞானாதிக்கம் அண்ணனுக்கு ஒரு கண்தான். சின்ன வயதில் கிட்டிப்புள் ஆடும்போது புள் தெறித்து வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. அந்த மனுசன்தான் ஆளாகி, எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, எதிரே ஒரு சுழல் நாற்காலியைப் போட்டு, ஊரில் இருக்கிற அத்தனை கண்ணுக்கும் பவர் பார்த்துக் கண்ணாடி கொடுத்தவர். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு ஊர்க் கண்ணையெல்லாம் மேய்க்கிறார் என்று அவர் காதுபடவே கிண்டல் செய்வோம். 'ரெண்டு இருந்தா ஒண்ணு அங்கிட்டு இங்கிட்டு அலையும்' என்று சொல்லிச் சிரித்துவிட்டு, எங்கள் மூக்கில் கண்ணாடியைப் பொருத்துவார்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. எங்கள் துறையில் கப்பல் வந்துபோன காலத்தில், சைகோனுக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போய்த் திரும்பியவர்கள் பீங்கான் தட்டு, சாவி கொடுக்கிற கடிகாரம், வாசனைச் சோப்பு இவற்றோடு ஒரு வகைப் படத்தையும் கொண்டுவந்தார்கள். தடித்த அட்டையில் ஒரே ஊரின் படம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஒட்டியிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உண்மையில் ஒன்று இடது கண் பார்த்த ஊர், மற்றது வலது கண் பார்த்த ஊர். கைப்பிடி வைத்த மரச் சட்டத்தில் அட்டையைச் செருகி, அதன் இரண்டு வில்லை வழியாக இரண்டு கண்ணாலும் பார்த்தால், இரண்டு ஊரும் ஒன்றாகக் கூடி, அதுவரை தட்டையாகக் கிடந்தது எழுந்து நிற்கும். தூண் முன்னே வரும், தெரு உள்ளே போகும், மனுசனுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று புகுந்துகொள்ளும். அண்ணன் அந்தச் சட்டத்தை ஸ்டீரியோஸ்கோப் என்பார். நாங்கள் ரெட்டைக்கண்ணாடி என்போம்.

கப்பல் வராமல் போனபின், பரணில் செல்லரித்துக் கிடந்த அந்த அட்டைகளை அண்ணன் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினார். கண்ணாடிக்குக் காசு வேண்டாம், படம் இருந்தால் கொடு என்பார். வேளாங்கண்ணித் திருவிழாவில் பழைய சாமான் விரிக்கிறவர்களுக்கும், புதுச்சேரியில் காலிசெய்த வீட்டுத் தட்டுமுட்டு விற்கிறவர்களுக்கும் அவரைத் தெரியும். நேப்பிள்ஸ் துறைமுகம், சுவிட்சர்லாந்துப் பனிமலை, கெய்ரோ கடைத்தெரு, ரங்கூன் பகோடா, ஊர்ப்பெயரைக் கரையான் தின்றுவிட்ட ஏதேதோ பாலங்கள், படித்துறைகள். தகரப் பெட்டி நிறைய உலகம் சேர்ந்தது. ஆனால் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவருக்கு அந்தப் படம் எழுந்து நிற்காது. ஊருக்கே எழுந்து நிற்கிற தூண் அவருக்கு மட்டும் படுத்தே கிடக்கும்.

அதற்குத்தான் அண்ணி இருந்தார். கோயிலில் சாயங்காலத் திரிகால மணி அடித்ததும் அண்ணி செபத்தை முடித்துக்கொண்டு கடைக்கு வருவார். பின்பக்கப் பெஞ்சியில் இருவரும் உட்காருவார்கள். அண்ணன் ஒரு அட்டையைச் செருகிக் கொடுப்பார், அண்ணி கண்ணில் வைத்துக்கொள்வார், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன்.

'எது முன்னாடி இருக்கு?'

'ஒரு தூணு முன்னாடி இருக்குங்க. தொட்டா சில்லுன்னு இருக்கும்போல.'

'அதுக்குப் பின்னாடி?'

'ஒரு மீன்காரி கூடைய எறக்கி வச்சிட்டு நிக்கிறா. நம்மூரு ஆளுக மாதிரியேதான், வாயி பெருசு.'

'அதுக்கும் பின்னாடி?'

'அதுக்கும் பின்னாடி கடலுதான். அலைய எண்ணிப் பாக்கலாம், அவ்வளவு தெளிவு.'

கல்யாணமான புதிதில் தொடங்கிய இந்தப் பேச்சு ஒரு நாளும் நின்றதில்லை. பிள்ளை இல்லாத வீடு. மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிற நேரத்தில் அந்த வீட்டில் அண்ணி அண்ணனுக்கு உலகத்தை ஊட்டினார். ஆனால் அண்ணி தன் காலால் போன தூரம் வேளாங்கண்ணியும் நாகப்பட்டினம் பெரியாஸ்பத்திரியும்தான். எப்போதாவது, 'நாமளும் நெசமாவே ஒரு நாளு எங்கயாச்சும் போவமாங்க' என்று கேட்பார். 'போவம், போவம், இந்தப் பெட்டி நெறையட்டும்' என்பார் அண்ணன். பெட்டி நிறைந்தது, இன்னொரு பெட்டியும் நிறைந்தது. எனக்கு அந்த 'போவம்' கேட்கும்போதெல்லாம் கோபம் வரும், ஆனாலும் அடுத்தவர் வீட்டுப் பேச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனைத் தைப்பேன்.

கடைசியாக அவர்கள் பார்த்தது ஒரு படகுத்துறைப் படம். எந்த ஊர் என்று தெரியாது. கடலுக்குள் நீளுகிற பலகைப் பாலம், அதன் நுனியில் ஒரு தூண்.

'தூணுக்குப் பின்னாடி படி எறங்குது. படிக்குக் கீழ ஒரு படகு நிக்கிது. படகுக்காரன் தூங்குறான்' என்றார் அண்ணி.

'நம்மள ஏத்திக்குவானா?'

'சின்னப் படகுங்க. ஒரு ஆளுதான் ஏறலாம்போல.'

'அப்ப நீ போய்ட்டு வா. நான் கடையப் பாத்துக்கறேன்.'

இருவரும் சிரித்தது எனக்குக் கேட்டது. மறுநாள் ஆடிக் காற்றோடு அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் அண்ணியைக் கொண்டுபோய்விட்டது. நான் தைத்த ரவிக்கையைப் போட்டு, கையில் செபமாலையைச் சுற்றி, அடக்கம் செய்துவிட்டு வந்தோம். வீட்டில் எல்லாம் இருந்தது, அண்ணி சந்தைக்குக் கொண்டுபோகிற ஒயர் கூடை மட்டும் இல்லை. பிடி அறுந்துபோய், அண்ணன் மூக்குக் கண்ணாடிக் கயிற்றால் கட்டிக்கொடுத்த கூடை, திருடுகிறவனுக்குக்கூட ஆசை வராது. சாவு வீட்டுக் கூட்டத்தில் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்து, நான் இரண்டு பேரை மனதுக்குள் சந்தேகமும் பட்டேன். அவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த சாயங்காலம், திரிகால மணி அடித்த பிறகு, தடுப்புப் பலகையை அண்ணன் தட்டினார்.

'ரோசலி, ஒரு படம் பாத்துச் சொல்றியாம்மா? எது முன்னாடி, எது பின்னாடின்னு மட்டும் சொன்னாப் போதும்.'

மாட்டேன் என்று சொல்ல எந்தக் கல் மனதுக்கும் முடியாது. போய் உட்கார்ந்து ரெட்டைக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தேன். நேப்பிள்ஸ் துறைமுகம் எழுந்து நின்றது. தூண் வந்தது, கடல் வந்தது, தூணைத் தாண்டி முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை நடந்துபோவது தெரிந்தது. சேலை கட்டியிருந்தாள். நேப்பிள்ஸில் யார் சேலை கட்டுவார்கள் என்று யோசிப்பதற்குள் ரவிக்கையைப் பார்த்துவிட்டேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்பதால் அந்தப் பக்கம் மட்டும் ஒரு பிடிப்பு வைத்து நான் தைத்த ரவிக்கை.

'அண்ணே, அண்ணி போறாங்க' என்றேன்.

'எங்க?'

'தூணுக்கு அந்தாண்ட.'

அண்ணன் வாங்கிப் பார்த்தார், அவருக்குத் தூண் படுத்துத்தான் கிடந்தது. அட்டையை வெளியே எடுத்துப் பார்த்தேன், அதில் அண்ணி இல்லை. மறுபடி செருகி ஒரு கண்ணை மூடினேன், அப்போதும் இல்லை. இரண்டு கண்ணும் கூடுகிற இடத்தில் மட்டும்தான் அண்ணி இருந்தார்.

'கையில கூடை இருக்கா?' என்று கேட்டார்.

'இருக்குண்ணே.'

'அப்ப அவதான்' என்று சொல்லிவிட்டு, அடக்கத்தன்றுகூட அழாத மனுசன் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் ஊர் முழுக்கக் கடை வாசலில் நின்றது. எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு சேதியை நம்புவதற்கு நேரம் எடுப்பார்கள், ஆனால் வரிசையில் நிற்பதற்கு எடுக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் ஆமாம், பிரகாசிதான் என்றார்கள். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. முந்தானையை இடுப்பில் செருகாமல் காற்றில் விட்டுக்கொண்டு போகிறாளே, அந்நிய ஊரில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார்கள் பெண்கள். காலில் செருப்பு இல்லையே என்றார்கள். சில நாள் கழித்து அண்ணி நேப்பிள்ஸை விட்டுச் சுவிட்சர்லாந்துப் பனிமலையில் ஏறத் தொடங்கியபோது, குளிர் தாங்க மாட்டாளே என்று கன்னியர் மடத்திலிருந்து ஒரு கம்பளிச் சால்வையைக் கொண்டுபோய்க் கல்லறைமேல் போர்த்திவிட்டு வந்தார்கள். அது அண்ணிக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு நாளில் ஒரு வெள்ளாடு அதைத் தின்றுகொண்டிருந்தது.

பங்குச் சாமியார் இஞ்ஞாசியிடம் வழக்கு போனது. செத்தவர்கள் மோட்சத்துக்கு முன்னால் பாவம் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலமா இது, இல்லையா என்று கேட்டார்கள். அவர் கடைக்கு வந்து, அங்கியை மடக்கிப் பெஞ்சியில் உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தார். 'உத்தரிக்கிற ஸ்தலத்துல நெருப்பு உண்டுன்னு படிச்சிருக்கேன். ஓட்டல் போர்டு உண்டுன்னு எங்கயும் படிக்கலை' என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசையில், மரித்தவர்களுக்கான மன்றாட்டோடு, தூரப் பயணம் போகிறவர்களுக்காக என்று ஒரு மன்றாட்டையும் சேர்த்துக்கொண்டார், அதன் பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அரிசி மண்டி ஹமீது மரைக்காயர் தினமும் வந்தார். அவருடைய தம்பி சைகோனுக்குப் போனவன், போனவன்தான். 'சைகோன் பக்கம் தங்கச்சி போனா, எங்க காதரு கண்ணுல படுறானான்னு பாக்கச் சொல்லுங்க ஞானம்' என்பார். பெட்டியில் சைகோன் கடைவீதிப் படம் ஒன்று இருந்தது. அண்ணி அதில் நடந்த நாட்களில் மரைக்காயர் மண்டியைப் பூட்டிவிட்டு வந்து, கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு தொப்பியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காதர் இல்லை. அண்ணி அந்தத் தெருவை விட்டுப் போனபிறகும் அவர் வருவதை விடவில்லை, அவருக்கும் போக வேறு இடம் இல்லை.

அண்ணி எந்தப் படத்துக்கு அடுத்து எதில் வருவார் என்பதும் மெல்ல எங்களுக்குப் பிடிபட்டது. பெட்டியில் இருக்கிற எல்லாப் படத்திலும் அவர் நுழையவில்லை. அண்ணனுக்குச் சொல்லிய படங்களில் மட்டும், சொல்லிய வரிசையிலேயே போனார். அண்ணன் புதிதாக வாங்கி, அண்ணி பார்க்காமலே விட்டுப்போன படங்களை எத்தனை தடவை செருகினாலும், அவற்றில் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் நின்றார்கள்.

ஊர் இப்படிப் பழகிக்கொண்டது. அண்ணனால்தான் பழக முடியவில்லை. நாங்கள் சொல்லுகிற எதுவும் அவருக்குச் சரியாக வரவில்லை.

அண்ணி நேப்பிள்ஸில் இருந்தபோதே, 'மீன்காரிக்குப் பக்கத்துல போறாளா?' என்று கேட்டார்.

'மீன்காரியே இல்லண்ணே. அது ஒரு இரும்புக் குண்டு, கப்பலக் கயித்தால கட்டிப்போடுறது.'

'இருக்குடி. தூணுக்குப் பின்னாடி கூடைய எறக்கி வச்சிட்டு நிப்பா.'

'தூணுக்குப் பின்னாடி சொவருதாண்ணே இருக்கு.'

கெய்ரோவில் ஒட்டகம் முன்னால், பந்தல் பின்னால் என்று அண்ணி சொல்லியிருந்தார். நாங்கள் பார்த்தால் பந்தல்தான் முன்னால் இருந்தது. ரங்கூன் பகோடாவின் படியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லியிருந்தார்; அது ஒரு பானை. அண்ணனுக்குக் கோபம் வந்தது. என்னையும் மரைக்காயரையும் சாமியாரையும் ஒருவர் மாற்றி ஒருவராகச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். மூவரும் அடிவரி வரைக்கும் படித்தோம். 'கண்ணு நல்லாத்தான் இருக்கு, பாக்கத் தெரியலை ஒங்களுக்கு' என்று ரெட்டைக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார்.

நான் இன்னொன்றையும் கவனித்தேன், சொல்லவில்லை. அண்ணி சும்மா வழிப்போக்கராக நடக்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் முதலில் தூணையோ மரத்தையோ தேடிப் போய்த் தொட்டார். கையை வைத்துக்கொண்டே அதைச் சுற்றிப் பின்பக்கம் போனார். பின்பக்கம் என்ன இருக்கிறதென்று நின்று பார்த்தார். ஒட்டகத்துக்கும் பந்தலுக்கும் நடுவில் இரண்டு தரம் போய்ப்போய் வந்தார். பானையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தையின் தலையைத் தடவுவதுபோல அதன் வாயைத் தடவினார். எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்த அண்ணியின் தங்கை மதலேன், அக்காவுக்கு மெழுகுதிரி ஏற்ற வந்தாள். ஏற்றிவிட்டு நேரே கடைக்கு வந்து, ரெட்டைக்கண்ணாடியில் அக்காவைப் பார்த்து, ஒரு பாட்டம் அழுது முடித்தாள். அண்ணன் அவளிடம் எங்களைப் பற்றிப் புகார் சொன்னார். ஒங்க அக்கா சொன்னது ஒண்ணு, இவங்க சொல்றது ஒண்ணு, ஊர்ல ஒருத்தருக்கும் முன்னாடி பின்னாடி தெரியலை என்றார்.

மதலேன் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: 'அக்காவுக்கு எப்படி அத்தான் தெரியும்? அதுக்கு எடது கண்ணு பொறந்ததுலேருந்தே பொகைதானே.'



'யாரு சொன்னா?' என்றார் அண்ணன்.

'யாரு சொல்லணும்? ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சிட்டிருக்கேன். பொண்ணு பாக்க வந்தப்ப வாயத் தொறக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. மாப்பிள்ளைக்கும் ஒரு கண்ணு, பொண்ணுக்கும் ஒரு கண்ணுன்னா ஊரு சிரிக்கும்னு. அப்பறம் நீங்க கண்ணாடிக் கடைக்காரரு, என்னைக்காச்சும் பாத்திருப்பீங்கன்னு...'

அண்ணன் பார்க்கவில்லை. ஊரிலிருக்கிற அத்தனை பேரையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணைப் பொத்து, மறு கண்ணால் படி என்று சொன்னவர், வீட்டுக்காரியை அதில் ஒரு நாளும் உட்காரச் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் யாரைக் கேட்டாலும் இப்படித்தான், டாக்டர் வீட்டு அம்மாவுக்குத்தான் இருமல் நிற்காது. எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. கோயில் படியில் இறங்கும்போது அண்ணி பெருவிரலால் தடவித் தடவித்தான் அடுத்த படியில் கால் வைப்பார். என்ன பக்தி பாரு என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் எவ்வளவு ஆழம் என்று தெரியாத மனுசி அப்படித்தான் இறங்க முடியும் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் ரெட்டைக்கண்ணாடியை எடுத்து அதன் இரண்டு வில்லையையும் துண்டால் துடைத்தார். 'அப்ப அவளுக்கும் படுத்துத்தான் கெடந்திருக்கு' என்றார். பிறகு, 'தெரியாதுன்னு சொல்லிருக்கலாமே. ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே' என்றார். பிறகு எங்கள் யாரிடமும் இல்லாமல், 'தெனம் சாயங்காலம் அத்தனையும் அவளே யோசிச்சில்ல சொல்லிருக்கா. கஷ்டமாத்தானே இருந்திருக்கும்' என்றார்.

அப்போதுதான் எனக்கு அண்ணி தூணைத் தொட்டுத் தொட்டுப் போனது விளங்கியது. வீட்டுக்காரர் மனசு நிறையட்டும் என்று தெரியாததையெல்லாம் தெரிந்ததுபோலச் சொல்லிவிட்டு, செத்தபிறகு ஒவ்வொரு ஊராகப் போய்ச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் அண்ணனிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அன்றைக்குப் பிறகு அண்ணன் எங்களைத் திருத்துவதை விட்டுவிட்டார். அண்ணி எந்த ஊரில் இருக்கிறார், களைப்பாகத் தெரிகிறாரா, எங்கேயாவது உட்கார்ந்தாரா என்று மட்டும் கேட்பார். ஐப்பசி போய்க் கார்த்திகை மழையும் விட்டபோது, அண்ணி கடைசிப் படத்துக்கு வந்துசேர்ந்தார். பலகைப் பாலம், நுனியில் தூண். பாலத்தில் நடந்துபோனவர் நுனிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

எல்லா ஊரிலும் ஒரு வேளையோ சில நாளோ இருந்துவிட்டு அடுத்ததற்குப் போனவர் இங்கே நகரவில்லை. அடுத்துப் போக அவர் சொல்லிய படம் வேறு இல்லை. பலகை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், வலது காலின் பெருவிரலை முன்னால் நீட்டி, கோயில் படியில் நிற்பதுபோல நின்றார். காலையில் பார்த்தாலும் அப்படி, சாயங்காலம் பார்த்தாலும் அப்படி. ஒரு கையில் கூடை. மறு கை தூணைத் தேடியது. தூண் ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. பார்த்தவர்களெல்லாம் தங்களை அறியாமல் கையை நீட்டினார்கள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. நின்றால் நிற்கட்டும், கண்ணுக்குத் தெரிகிறாளே, அது போதாதா என்றார்கள் பாதிப் பேர். பிரிந்துபோன ஆளைத் தினமும் பார்க்கிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும் என்று மரைக்காயரே சொன்னார். ஒரு காலை நீட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை எத்தனை நாள் நிற்பாள் என்றார்கள் மற்றவர்கள். சாமியார், 'இது ஞானாதிக்கம் சொல்ல வேண்டியது' என்று மட்டும் சொன்னார்.

 அண்ணனுக்கும் அண்ணி நிற்கட்டும் என்றுதான் ஆசை இருந்தது. அண்ணி இருக்கிறார் என்று நாங்கள் சொல்வதுதான் அவருக்கு அன்றாடம் சோறு. அந்தச் சோற்றைத் தானே தட்டிவிட எந்த மனுசனுக்குக் கை வரும்? தினமும் என்னைக் கேட்டார், 'நிக்கிறாளா?' நான் சொன்னேன், 'நிக்கிறாங்கண்ணே.' அவர் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போவார். ஒரு நாள் நான் பதில் சொல்லாமல் அழுதுவிட்டேன்.

'என்னம்மா?'

'கால் நடுங்குதுண்ணே அண்ணிக்கு.'

அந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து வந்தபோது, அண்ணன் கோயிலுக்குப் போட்டுவந்த வெள்ளைச் சட்டையோடு பின்பக்கப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி உட்காருகிற பக்கம் காலியாக இருந்தது. படகுத்துறை அட்டையைத் தானே செருகினார். நாங்கள் வாசலிலும் தடுப்பு ஓரத்திலும் நின்றோம். ரெட்டைக்கண்ணாடியைத் தூக்கித் தன் ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டார். அதில் அவருக்கு என்ன தெரியும் என்று எங்களுக்குத் தெரியும்: தட்டையான ஒரு பாலம், தட்டையான ஒரு தூண், ஆள் இல்லாத பலகை.

'பிரகாசி' என்றார். 'நான்தான். நீ கேளு, நான் சொல்றேன்.'

கொஞ்ச நேரம் காத்திருந்தார், கேள்வி வருவதற்கு இடம் விட்டதுபோல.

'முன்னாடி பலகை இருக்கு. இன்னம் ரெண்டடி இருக்கு, பயப்படாத. வலது கைப்பக்கம் தூணு. எட்டித்தான் புடிக்கணும், எட்டு. இன்னுங் கொஞ்சம். ம், புடிச்சுக்க. சில்லுன்னு இருக்கும், நீதான் சொல்லிருக்கிற.'

அவருடைய இன்னொரு கையும் காற்றில் முன்னால் நீண்டிருந்தது.

'தூணுக்குப் பின்னாடி படி எறங்குது. பாசி இருக்கும். ஒன் வழக்கம்போலத் தடவிப் பாத்துக் கால வையி, அவசரம் ஒண்ணுமில்ல. அடுத்த படி. அடுத்த படி. படிக்குக் கீழ படகு நிக்கிது.'

அந்தப் படத்தில் படகு கிடையாது. படியும் கிடையாது. கடையில் நின்ற அத்தனை பேரும் அந்தப் படத்தை இரண்டு கண்ணாலும் பார்த்தவர்கள், தூணுக்குப் பின்னால் வெறும் தண்ணீர்தான் என்று தெரிந்தவர்கள். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. மரைக்காயர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

'நீ சொன்ன படகுதான் பிரகாசி. படகுக்காரன் தூங்குறான், எழுப்பு. திட்ட மாட்டான். சின்னப் படகு, ஒரு ஆளுதான் ஏறலாம். நீ ஏறிக்க. நீ எங்கயாச்சும் போவமான்னு கேட்டுக்கிட்டே இருந்த, நான் பெட்டி நெறையட்டும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.' அவர் குரல் உடைந்தது, ஆனால் கண்ணாடியைக் கீழே இறக்கவில்லை. 'நீ போ. நான் கடையப் பாத்துக்கறேன்.'

சந்தைப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அண்ணன் கண்ணாடியைக் கண்ணில் வைத்தபடியே இருந்தார். அண்ணி போனாரா, நிற்கிறாரா என்று பார்க்க எங்களுக்குத் தவிப்பாக இருந்தது, ஆனால் அதை அவர் கையிலிருந்து வாங்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. கடைசியில் அவரே சொன்னார்.

'கூடைய வச்சிட்டுப் போய்ட்டா.'

நான்தான் முதலில் வாங்கிப் பார்த்தேன். பாலத்தில் அண்ணி இல்லை. தூணைச் சுற்றிலும் தேடினேன், தண்ணீரில் தேடினேன், இல்லை. பாலத்தின் நுனியில் ஒயர் கூடை மட்டும் இருந்தது. படம் பழுப்பு என்பதால் கூடையும் பழுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பிடியில் கட்டியிருந்த மூக்குக் கண்ணாடிக் கயிறு அதன் முடிச்சோடு தெரிந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், கூடை இருந்தது. அட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். இடது படத்தில் ஒரு கூடை, வலது படத்தில் ஒரு கூடை. எத்தனையோ வருசத்துக்கு முன்னால் எவனோ ஒரு வெள்ளைக்காரன் எடுத்த படத்தில், அன்றைக்கே அங்கே வைத்திருந்ததுபோல இருந்தது.

அட்டையைத் திரும்பச் செருகி அவரிடம் கொடுத்தேன். வாயைத் திறந்தேன், எது முன்னாடி எது பின்னாடி என்று அவர் கேட்பார், சொல்லலாம் என்று. அவர் கேட்கவில்லை.

'கூடை முன்னாடி இருக்கு ரோசலி' என்றார். 'தூணு பின்னாடி.'

அவர் சொன்னது சரிதான்.